வடக்கு கோலில் விட்ட முழம்

அத்தியாயம் 7

"லாரி நெறைய தர்பூசணிதான் இருந்துச்சுன்னு எளாவூர் செக்போஸ்ட்டுக்கே தெரிஞ்சுபோச்சு. இன்னும் இன்னாத்துக்கு சார் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கினு கீறீங்க?" என்றாள் விக்டோரியா.

துப்பறியும் நிபுணர் துளசிராமன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பேச என்ன இருக்கிறது? விடிந்தும் விடியாத நேரத்தில் கும்மிடிப்பூண்டி மில் கேட்டிலிருந்து ஒரு லாரி அவசரமாகக் கிளம்பியதைப் பார்த்து, குற்றவாளி தப்பி ஓடுகிறான் என்று தம் லாம்பிரெட்டா ஸ்கூட்டரில் ஆந்திர எல்லை வரை துரத்தியவர் அவர்தான். செக்போஸ்ட்டில் லாரியை மறித்து, முந்நூறு தர்பூசணியையும் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தவரும் அவரேதான். பின்னால் ஒரு பர்லாங் தூரத்துக்கு லாரிகள் நின்று ஹாரன் அடித்தன. கடைசியில் டிரைவரே மனமிரங்கி ஒரு பழத்தை அவர் கையில் கொடுத்து, "பத்திரமா ஊட்டுக்குப் போ நைனா" என்று அனுப்பிவைத்தான். அந்தப் பழம் இப்போது ஸ்கூட்டரில் அவர் காலடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

திருவள்ளூர் தேரடியில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், 'துளசி துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு தொங்கும். ஆறு வருஷமாகத் தொங்குகிறது. அந்த ஆறு வருஷத்தில் துளசிராமன் கண்டுபிடித்தவை இரண்டு ஆடும் ஒரு ஓடிப்போன மாப்பிள்ளையும். மாப்பிள்ளை தானாகவே திரும்பி வந்தவர் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விக்டோரியாவின் கட்சி. அவள் காசிமேட்டுக்காரி. டைப் அடிக்க வந்தவள் உதவியாளராகி, இப்போது ஸ்கூட்டர் கிளம்பாத நாட்களில் தள்ளிவிடும் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கிறாள். கிளம்பிய நாள் என்று ஒன்று இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சர்வதேச வழக்கு கிடைத்திருந்தது.

எழுபத்துநாலாம் வருஷம் சென்னையில் ஆசிய அழைப்புக் கால்பந்துப் போட்டி ஏற்பாடாகியிருந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு ரோலிங் மில் வைத்திருக்கும் பூவராகவன்தான் கமிட்டித் தலைவர். தலைவரான கையோடு ஒரு ஆட்டத்தைத் தம் மில்லுக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நேற்று மாலை அந்த மைதானத்தின் முதல் ஆட்டம். பினாங்கு அணியும் ரங்கூன் அணியும் மோதின. முதல் பாதியில் தெற்கு கோலில் பினாங்கு ஒன்று போட்டது. இரண்டாம் பாதியில் அதே தெற்கு கோலில் ரங்கூன் ஒன்று போட்டது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது பினாங்கு வீரன் ஒருவன் வடக்கு கோலைப் பார்த்து உதைத்தான். தூசி அடங்கிப் பார்த்தால் பந்து வலைக்குப் பின்னால் முள்புதரில் கிடந்தது.

"கோல்!" என்றது பினாங்கு. "வெளியே போச்சு!" என்றது ரங்கூன். லைன்ஸ்மேன் வெளியே என்று கொடியை ஆட்ட, ரெஃப்ரி அவரோடு ஒத்துப்போனார். அதற்கப்புறம்தான் யாரோ வலையை உற்றுப் பார்த்தார்கள். பின்பக்கத்தில், நட்டநடுவில், ஒரு பந்து தாராளமாகப் புகுந்து போகிற அளவுக்கு ஒரு பிளவு.

எங்கள் கோல் தெரியாமல் போகட்டும் என்று முன்கூட்டியே வலையை வெட்டிவைத்துவிட்டார்கள் என்றார் பினாங்கு மேனேஜர் ஜெயராஜ். இல்லாத கோலை இருந்ததாகக் காட்ட ஆட்டம் முடிந்த கையோடு வெட்டிவிட்டார்கள் என்றார் ரங்கூன் மேனேஜர். ஒன்றில் மட்டும் இருவரும் கைகோத்தார்கள். வலையைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் மைதானக் காவலாள் தேசப்பன். போதாக்குறைக்கு, பந்து உதைபட்ட மறுநிமிஷம் எல்லோருக்கும் முன்னால் வடக்கு கோலுக்கு ஓடி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் அவன்தான். முன்னால் வெட்டியிருந்தாலும் தேசப்பன், பின்னால் வெட்டியிருந்தாலும் தேசப்பன் என்று ஆகிவிட்டது.

மில் வாட்ச்மேன் அறையில் அவனை உட்காரவைத்திருந்தார்கள். மாலை நாலு மணிக்குக் கமிட்டி கூடும். அதற்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் போலீஸில் ஒப்படைத்துவிடுவார்கள். வேலை போகும், வேலையோடு கொடுத்த ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸும் போகும். அவன் பெண்சாதி குப்பாயி டிபன் கேரியரோடு காலையிலிருந்து கேட் வாசலில் நிற்கிறாள்.

"நீங்க வடக்கு கோலுக்குப் பின்னாலதானே நாற்காலி போட்டு உக்காந்திருந்தீங்க? நீங்க இன்னா பாத்தீங்க?" என்று பூவராகவன் நேற்றே கேட்டார். நேற்றைய பாதுகாப்புக்கு அவர் அமர்த்தியிருந்த ஆள் சாட்சாத் நம் துளசிராமன்தான்.

"பாதுகாப்பு அதிகாரி ஆட்டத்தைப் பார்க்கமாட்டார் ஐயா. ஆபத்து வரக்கூடிய திசையைப் பார்ப்பார். நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, முள்புதரைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன்" என்றார் துளசிராமன். துப்பு சம்பந்தமாகப் பேசும்போது மட்டும் அவருக்குச் செந்தமிழ் வந்துவிடும். பூவராகவன் அசந்துபோய் வழக்கையே அவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

பூவரச மரத்து நிழல் அந்த இடத்தில் மட்டும்தான் விழுந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"அது சரி சார், பின்மண்டையில இன்னா அவ்ளோ பெரிய வீக்கம்?" என்று விக்டோரியா காலையில் கேட்டாள்.

"லாட்ஜில் கதவு நிலை இடித்துவிட்டது."

"நெலை நெத்தியிலதானே சார் இடிக்கும்? நீங்க பின்பக்கமாவே நடந்து ரூமுக்குள்ள போனீங்களா?"

துளசிராமன் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார். அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. அவர் சொல்லவில்லை, நாமும் இப்போதைக்கு வற்புறுத்த வேண்டாம்.

*

மைதானத்தில் வெயில் ஏறிவிட்டிருந்தது. வடக்கு கோலின் வலை நேற்றுக் கட்டியபடியே தொங்கியது. துளசிராமன் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பூதக்கண்ணாடியை எடுத்து, பிளவின் ஓரமாக அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"மிகக் கூர்மையான ஆயுதம், விக்டோரியா. வெட்டுப்பட்ட நூல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை."

"வெட்டுப்பட்ட நூலே இல்லைன்னா, வெட்டவே இல்லைன்னு இருக்கக் கூடாதா சார்?"

"அது எளிமையான கோணம். எளிமையான கோணங்களை நாங்கள் கடைசியில்தான் எடுப்போம்."

விக்டோரியா பிளவை விரித்துப் பார்த்துவிட்டுக் கையை விட்டதும் வலை தன் பாட்டுக்குத் தொங்கியது. பிளவின் இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்படி ஒரு பிளவு இருப்பதே தெரியவில்லை. அவள் விரல் நகத்தால் நூலைச் சுரண்டினாள். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அடியில் நூல் நல்ல காவி நிறத்தில் இருந்தது.

"புகையிலைச் சாறு!" என்றார் துளசிராமன், குரலைத் தாழ்த்தி. "குற்றவாளி வெற்றிலைப் பாக்கு போடுகிறவன்."

"அப்ப வலை பூராவும் துப்பியிருக்கணும் சார், ஒரு கண்ணு விடாம. இது சுண்ணாம்பு. கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் போட்டாப்பல அடிச்சிருக்காங்க. வாங்க, அந்தாண்டை கோலைப் பாப்போம்."

தெற்கு கோலின் வலையில் சுண்ணாம்பும் இல்லை, காவியும் இல்லை. உண்மையான வெள்ளை நூல். பாச்சை உருண்டை வாசனைகூட இன்னும் போகவில்லை. விக்டோரியா இரண்டு வலைகளின் முடிச்சுகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வரும்போதெல்லாம் துளசிராமன் பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார், ஏனென்றால் அடுத்தாற்போல் வருவது அவர் கண்டுபிடித்திருக்க வேண்டிய விஷயமாக இருக்கும்.

அதற்குள் கமிட்டி செகரட்டரி அருணகிரி வேகமாக வந்து சேர்ந்தார். கோட்டு மார்பில் ஒரு மெடல் ஆடியது. பூப்பந்தில் ஜில்லா சாம்பியன். அதை வாயால் சொல்லாமல் இருக்கத்தான் மெடலைக் குத்திக்கொண்டிருப்பதாக ஊரில் பேச்சு.

"இன்னும் இன்னா ஆராய்ச்சி? ரெண்டும் ஹாங்காங்லேர்ந்து கப்பல்ல வந்த வலைங்க. அந்தப் பாவி வெட்டிப்புட்டான்" என்றார்.

"ஹாங்காங் வலைதானா சார்?" என்றாள் விக்டோரியா மிகவும் மரியாதையாக.

"சந்தேகமா? பார்சலை நானே பிரிச்சேன்" என்று சொல்லிவிட்டு, அவர் வந்த வேகத்தைவிட வேகமாகப் போய்விட்டார்.

*

வாட்ச்மேன் அறையில் தேசப்பன் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயசு இருக்கும். ஒல்லியான ஆள். துளசிராமனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"சார், ஒடம்பு நல்லா கீதா?"

பிடிபட்டவன் விசாரிக்க வந்தவரின் உடம்பை விசாரிக்கிறான். காக்காய் பிடிக்கிறான் என்று துளசிராமன் முடிவு கட்டினார். "என் உடம்பு கிடக்கட்டும். பந்து போனதும் நீ ஏன் எல்லோருக்கும் முன்னால் கோலுக்கு ஓடினாய்?"

தேசப்பன் ஒரு தடவை அவரை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "சும்மாதான் சார்."

"சும்மா ஓடினதுக்கா ஜெயிலுக்குப் போறே?" என்றாள் விக்டோரியா. "அந்த வலையை எங்கேர்ந்து தூக்கினு வந்தே?"

"ஹாங்காங்குனு செகரட்டரி ஐயா சொன்னாரும்மா."

"அவரு சொன்னதைக் கேக்கலை. நீ எங்கேர்ந்து தூக்கினு வந்தேன்னு கேட்டேன்."

தேசப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு இந்த வேலையைப் போட்டுக் கொடுத்ததே அருணகிரிதான். "நான் வெட்டலை சார். அவ்ளோதான் எனக்குத் தெரியும். குப்பாயியை ஊட்டுக்குப் போகச் சொல்லுங்க. வெயில்ல நிக்கிறா" என்றான்.

வெளியே வந்ததும் துளசிராமன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இவன் எதையோ மறைக்கிறான்."

"ஆமா சார். இந்த மைதானத்துல எல்லாரும் எதையோ மறைக்கிறாங்க" என்றபடி விக்டோரியா அவர் தொப்பியைப் பார்த்தாள். "ஸ்கூட்டரை எடுங்க. பழவேற்காடு போறோம்."

"எதற்கு?"

"அந்தக் காவி பட்டைச் சாயம் சார். நூல் வலை உப்புத் தண்ணியில மக்கிப் போகாம இருக்க, மரப்பட்டையை வேகவெச்சு அதுல வலையை ஊறப்போடுவாங்க. எங்க காசிமேட்டுல நைலான் வந்து அதெல்லாம் போச்சு. பழவேற்காடு பக்கம் இன்னும் போடறாங்க. ஹாங்காங்காரன் எதுக்கு சார் கோல் வலைக்குப் பட்டை போடறான்? பந்து இன்னா உப்புத் தண்ணியிலயா நீந்துது?"

இதைத்தான் தாமும் சொல்ல வந்ததாகத் துளசிராமன் சொன்னார். விக்டோரியா ஸ்கூட்டரைத் தள்ளப் போய்விட்டாள்.

*

பழவேற்காட்டில் ஏரிக்கரையோரம் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவர் பெயர் மாரியப்பன். விக்டோரியா வலையின் ஓரத்திலிருந்து அவிழ்த்து வந்த ஒரு துண்டு நூலை, முடிச்சோடு அவரிடம் நீட்டினாள். அவர் தார்க் கையைத் துடைக்கக்கூட இல்லை, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

"இது அஞ்சம்மா கை. முடிச்சை ரெண்டு தபா இழுக்கும் அது. சந்தேகப் பிராணி."

அஞ்சம்மாள் வீட்டு வாசலில் வலை ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். குரல் கொடுத்தால் அக்கரைக்கே கேட்கும். இவர்கள் கும்மிடிப்பூண்டி என்று வாயெடுத்ததும் ஊசியைக் கீழே வைத்தாள்.

"பந்தாட்டத்து வலையா? மெடல் குத்திக்கினு ஒரு ஆபீசர் வந்தாரே, நாலே நாள்ல ஓணும்னு உசிரை எடுத்தாரே, அதுவா? ஒரு ஆளு வந்து தோள்ல தூக்கிக்கினு போனான். தேசப்பன்னு பேரு. நல்ல மனுசன், ஊட்டுக்குள்ள வராம வெளியவே நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சான்."

துளசிராமன் முன்னால் வந்தார். இந்த நொடிக்காகத்தான் ஆறு வருஷம் காத்திருந்தார். "அம்மா, அந்த வலையின் நடுவில் எவனோ ஒரு முழத்துக்கு வெட்டியிருக்கிறான். அவன் யார் என்று..."

"யாரு வெட்டுனது? எவன் வெட்டுவான்? நான் உட்டதுய்யா அது!"

துளசிராமன் பூதக்கண்ணாடியை மெல்லப் பைக்குள் போட்டார்.

"வலையை ரெண்டு பாதியா முடைஞ்சு நடுவுல சேப்போம்" என்று அஞ்சம்மாள் கையாலேயே காட்டினாள். "சேக்கும்போது ஒரு மொழம் மூடாம உட்ருவோம். மொதல்ல விழற மீனு அந்த வழியா வெளிய போயிடணும். அது கங்கம்மா சாமிக்கு. அதுக்கப்பறம்தான் மூடுவோம். மத்த ஊட்ல எப்படியோ, எங்க ஊட்ல அப்படித்தான். பந்து வலைன்னா இன்னா, வலை வலைதானே? 'மொத உருப்படி விழுந்ததும் சொல்லியனுப்பு, வந்து மூடறேன்'னு அந்த தேசப்பன் கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

விக்டோரியா விரல் விட்டு எண்ணினாள். நேற்று அந்தக் கடைசி உதைக்கு முன்னால் வடக்கு கோலில் ஒரு பந்துகூட விழவில்லை. இரண்டு கோலும் தெற்கில்தான்.

"போச்சா?" என்றாள் அஞ்சம்மாள் ஆவலாக. "மொத உருப்படி அந்த வழியாத்தான் வெளிய போச்சா?"

"போச்சுன்னுதான் நினைக்கிறோம். ஆனா பாத்த சாட்சி யாரும் இல்லையேம்மா" என்றாள் விக்டோரியா. சொல்லிவிட்டுத் துளசிராமனின் தொப்பியைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அஞ்சம்மாள் அதற்குள் ஊசியையும் ஒரு உருண்டை நூலையும் மடியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முதல் உருப்படி போன பிறகு மூடாமல் விட்டால் வலைக்கு ஆகாதாம்.

*

பெண்கள் இருவரும் பஸ்ஸில் பொன்னேரி போய், அங்கிருந்து ரயில் பிடித்து, மூன்றரை மணிக்கெல்லாம் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். துளசிராமன் ஸ்கூட்டரில் வந்தார். அதாவது ஸ்கூட்டரோடு வந்தார். கடைசி ஐந்து மைல் ஸ்கூட்டரும் அவரும் தர்பூசணியும் ஒரு செங்கல் லாரியின் மேல் வந்து இறங்கியபோது நாலு அடித்துப் பத்து நிமிஷம். கேட்டில் போலீஸ் ஜீப் நின்றது. குப்பாயி இன்னும் அங்கேயே நின்றாள். டிபன் கேரியர் திறக்கப்படவே இல்லை.

கமிட்டி வடக்கு கோலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. விக்டோரியா கதையைச் சொல்லி முடித்திருந்தாள்.

"நான் இந்தம்மாவைப் பாத்ததே இல்லை" என்றார் அருணகிரி.

"அடி ஆத்தே!" என்றாள் அஞ்சம்மாள். "ரெண்டு வேளை எங்க ஊட்ல எறாக் கொழம்பு துன்னுப்புட்டு, மூணாவது வேளைக்கு மீன் இல்லியான்னு கேட்டியே, அப்ப எந்தக் கண்ணால பாத்தே?"

"பொய்! ஹாங்காங்லேர்ந்து வலை வந்திருக்கும்போது நான் எதுக்கு இங்கே போய்..."

"வந்துச்சு சார், ஒண்ணே ஒண்ணு" என்றாள் விக்டோரியா. "அது தெக்கால தொங்குது. நீங்க ஆர்டர் போட்டதே ஒண்ணுதான். பூப்பந்துக்கு ஒரு மைதானத்துக்கு ஒரே வலை, நடுவுல. ஜில்லா சாம்பியன் அந்தப் பழக்கத்துல எழுதிப் போட்டுட்டீங்க. பார்சலைப் பிரிச்சதும்தான் கால்பந்துக்கு ரெண்டு கோல் இருக்குதுன்னு ஞாபகம் வந்துது. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு, நாலே நாள்ல இன்னொண்ணை முடைஞ்சு சுண்ணாம்பு அடிச்சு மாட்டிட்டீங்க."

அருணகிரியின் கை தானாக மெடலை மூடியது. பூவராகவன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் ரங்கூன் மேனேஜர் சிரிக்கவில்லை. அவர் இங்கிலீஷில் சொன்னதை விக்டோரியா தமிழில் சொன்னாள்.

"வழியை இந்தம்மா விட்டிருக்கலாம்ங்கறாரு. ஆனா அந்தச் சின்ன வழியில பந்து போகுமாங்கறாரு."

நேற்றைய பந்து சீல் வைத்துப் பெட்டிக்குள் இருந்தது. விக்டோரியா சுற்றுமுற்றும் பார்த்தாள். நேரே ஸ்கூட்டருக்குப் போய்த் தர்பூசணியைத் தூக்கி வந்தாள். பழம் பந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கோலுக்குள் நின்று அதை வலையின் நடுவில் வைத்து அழுத்தினாள். பிளவு வாயைத் திறந்து பழத்தை முழுங்கி அந்தப் பக்கம் துப்பிவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் மூடிக்கொண்டது.

"போகும் என்று தெரிகிறது. போனதை யார் பார்த்தது?" என்றார் ரங்கூன் மேனேஜர் மறுபடியும் இங்கிலீஷில். "இவன் அந்த வழியை முன்பே அறிந்தவன். பந்து வெளியே போனதும் ஓடிவந்து பிளவை விரித்துக் காட்டியிருக்கலாம். இல்லாவிட்டால் எதற்காக ஓடிவந்தான்? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்."

எல்லோரும் தேசப்பனைப் பார்த்தார்கள். அவன் "சும்மாதான்" என்றான். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கேட் பக்கம் குப்பாயி டிபன் கேரியரைக் கீழே வைத்தாள்.

துளசிராமன் விக்டோரியாவைப் பார்த்தார். அவள் தர்பூசணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். சொல்லமாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. காலையிலேயே தெரிந்தும் அவள் சொல்லவில்லை. அந்த இடத்தில் அவருக்குத் தம் மேலேயே வெறுப்பு வந்தது. எளாவூர், பழவேற்காடு என்று நாள் பூராவும் ஓடியது எதற்காக? குற்றவாளியைப் பிடிக்கவா? தாம் வாயைத் திறக்காமலேயே வழக்கு முடிந்துவிடாதா என்றுதானே!

"நான் பார்த்தேன்" என்றார். பிறகு, "இல்லை, பார்க்கவில்லை" என்றார்.

"இன்னாய்யா சொல்றீங்க?" என்றார் பூவராகவன்.

துளசிராமன் தொப்பியைக் கழற்றினார். பின்பக்கம் ஒரு பெரிய நசுங்கல். அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு சுண்ணாம்பு வட்டம். தலையைக் குனிந்து திரும்பி நின்றார். ஒரு எலுமிச்சம்பழம் அளவு வீக்கத்தை இரண்டு நாட்டுப் பிரதிநிதிகளும் எட்டிப் பார்த்தார்கள்.

"நாற்காலி வலைக்கு நேர் பின்னால் இருந்தது. நான் எதையும் கண்காணிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன். பந்து என் மண்டையில் அடித்து எகிறித்தான் புதருக்குள் போனது. கம்பத்துக்கு வெளியே போயிருந்தால் என் மேல் பட்டே இருக்காது. வலையில் அடித்த சுண்ணாம்பை வழித்துக்கொண்டு வந்து என் தொப்பியில் முத்திரை குத்தியிருக்கிறது. எனக்கு நேற்றே தெரியும்."

எல்லாவற்றையும் செந்தமிழில் சொல்லிவிட்டு, கடைசியில் மட்டும், "மானக்கேடா இருந்துது, சொல்லலை" என்றார்.

முதலில் சிரித்தது சப்-இன்ஸ்பெக்டர்தான். அப்புறம் கமிட்டி முழுவதும் சிரித்தது. ரங்கூன் மேனேஜர் தொப்பியை வாங்கி, சுண்ணாம்பு வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பினாங்கு ஜெயராஜிடம் கையை நீட்டினார். "கோல்" என்றார்.

அஞ்சம்மாள் இதற்குள் வலையோரம் உட்கார்ந்து மூட ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்தாள்.

*

கேட்டில் குப்பாயி தேசப்பனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். திட்டும்போதே அழுதாள். பூவராகவன் அவனிடம் நாளைக்கு வழக்கம்போல் வேலைக்கு வா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். துளசிராமன் யார் கண்ணிலும் படாமல் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கேட்டைக் கடக்கப் பார்த்தார். தேசப்பன் ஓடிவந்துவிட்டான்.

"சார், உப்பு ஒத்தடம் குடுத்தீங்களா? நேத்தே கேக்கணும்னு இருந்தேன்."

துளசிராமன் நின்றார். "நேத்தேவா?"

"நாற்காலியோட கவுந்தீங்களே சார். அடி பலமோன்னுதான் ஓடியாந்தேன்." தேசப்பன் கூச்சத்தோடு சிரித்தான். "நான் கிட்ட வரதுக்குள்ள நீங்களே எந்திரிச்சு, யாராவது பாத்துட்டாங்களான்னு சுத்திமுத்தும் பாத்தீங்க. பாவமா இருந்துது. அதான் நான் பாக்காத மாதிரி வலையைப் புடிச்சுக்கினு நின்னுட்டேன்."

விக்டோரியா ஏதாவது சொல்வாள் என்று துளசிராமன் காத்திருந்தார். அவள் மூக்கை உறிஞ்சினாள். அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் நிறுத்தினார். எதையாவது பேசித்தான் ஆகவேண்டும், ஆனால் செந்தமிழும் வரவில்லை, பேச்சுத் தமிழும் வரவில்லை.

"ஏறு" என்றார்.

"எங்க சார்?"

"ஸ்கூட்டர்ல. நீயும் குப்பாயியும். ஊட்ல உடறேன்."

தேசப்பன் பதறினான். "ஐயோ, நீங்க ஓட்டுங்க சார், நான் தள்றேன். அதானே சார் மொறை?"

"இன்னைக்கு ஏறு."

டிபன் கேரியரோடு குப்பாயி பின்னால் உட்கார, மடியில் தர்பூசணியோடு தேசப்பன் முன்னால் உட்கார்ந்து ஹாண்டில்பாரைப் பயந்து பயந்து பிடித்துக்கொண்டான். துப்பறியும் நிபுணர் துளசிராமன் தொப்பியைக் கழற்றி விக்டோரியாவிடம் கொடுத்தார். ஷிப்டு முடிந்து போகிற மில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். வீக்கம் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது. அவர் குனிந்து இரண்டு கையாலும் ஸ்கூட்டரைப் பிடித்து, குவார்ட்டர்ஸ் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.